புல்லு மெஷினுக்கு நாலு எலுமிச்சம்பழம்

சனிக்கிழம காலையில புல்லு வெட்டற மெஷின் வாங்கப் போனேன். அவ்வளவுதான் வேலை.

கடைக்குப் போறது, ஒண்ணப் பாத்து எடுக்கறது, வீட்டுக்கு வந்து வெட்டறது. மூளைன்னு ஒண்ணு இருக்கறவன் மத்தியான சோத்துக்குள்ள முடிச்சிருப்பான். போனது நானாச்சே!

மொதல்ல வீட்டப் பத்திச் சொல்லிடறேன். மலேசியாவுல, கிள்ளான்ல எங்க வீடு கார்னர் லாட். வரிசையில கடைசி வீடு. அதனால பக்கவாட்டுல கொஞ்சம் மண்ணு சேத்துக் கெடச்சுது. "கொஞ்சம்"னு இப்பத்தான் சொல்றேன். வாங்கின நாள்லேர்ந்து "தோட்டம்"னுதான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். கல்யாண வீட்டுல எங்கிட்ட வந்து உக்காரவே சொந்தக்காரங்க பயப்படுவாங்க. ரசத்தப் பத்தி ஆரம்பிச்சாலும் நான் கார்னர் லாட்டுலதான் கொண்டுபோய் முடிப்பேன்.

அந்தத் தோட்டத்துல அப்ப புல்லு முழங்கால் ஒசரம். மழ மாசம் வேற.

ஞாயித்துக்கிழம எங்க மக துர்காவப் பாக்க மாப்பிள வீட்டுக்காரங்க வர்றாங்க, சிரம்பான்லேர்ந்து, மொத தடவையா. பையன் அருண், துர்கா அவளே பாத்து முடிவு பண்ணின பையன். தங்கமான பையன். பிரச்சன அவங்க அப்பா தேவராஜன் சார். தமிழ்ப்பள்ளியில ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரு சரின்னாத்தான் மேக்கொண்டு பேச்சு, இல்லன்னா இல்லன்னு அருணே முன்கூட்டிச் சொல்லிட்டான்.

ஒரு வாரமா துர்கா எங்கிட்ட ஒரே விஷயத்தத்தான் சொல்லிட்டிருந்தா.

"அப்பா, ப்ளீஸ்ப்பா. அன்னிக்கி ஒரு நாள் மட்டும் நார்மலா இருங்கப்பா."

எனக்குக் கொஞ்சம் கோவம்தான். நான் எப்ப நார்மலா இல்ல?

என் வீட்டுக்காரி மல்லிகா நேரா விஷயத்துக்கு வந்தா. "பழனி அண்ணனக் கூப்புடுங்க. முதுகுல மெஷின மாட்டிட்டு வந்து வெட்டிட்டுப் போயிட்டே இருப்பாரு."

"அவரு வெட்டினா கல்லு தெறிக்குது மல்லிகா. வர்றவங்க மேல பட்டுதுன்னா? மானம் போயிடும்!"

இந்த வார்த்தைய ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னாடி எனக்கே திருப்பிக் குடுப்பாங்க.

உண்மையச் சொல்லிடறேன். கல்லெல்லாம் சாக்கு. ரெண்டு மாசமா யூடியூப்ல ஒரு வெள்ளக்காரனப் பாத்துட்டிருந்தேன். தொப்பி போட்டுக்கிட்டு, பெட்ரோல் மெஷின் பின்னாடி சும்மா நடந்து போவான். போன எடமெல்லாம் புல்லு கோடு கோடா படுத்துக்கும், பச்சப் பாய் விரிச்ச மாதிரி. தேவராஜன் சார் கேட்டத் தொறந்து உள்ள வர்றப்ப நானும் அப்படி நடந்து வரணும். அதுக்குத்தான் இவ்வளவும். தொப்பிகூட வாங்கி வெச்சிருந்தேன்.

கடை எங்க வீட்லேர்ந்து கிட்டத்தான். தவுக்கே, அதான் கடை மொதலாளி, சீனரு. கிள்ளான்ல காலமெல்லாம் வியாபாரம் பண்ணதால மலாய்ல ஆரம்பிச்சு தமிழ்ல முடிப்பாரு.

"பாஸ், ரூமா பெசார் கா? வீடு பெருசா?"

"பெசார்! கார்னர் லாட்!"

"புல்லு எவ்வளவு நீளம்?"

நான் கடை வாசல்லேர்ந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த டயர் கடை வரைக்கும் கையக் காட்டினேன். தவுக்கே ரோட்டப் பாத்தாரு. என்னப் பாத்தாரு.

"வீடா பாஸ்? பந்து வெளையாடற பாடாங்கா?"

அப்பவும் அந்த மனுஷன் நியாயமாத்தான் நடந்துக்கிட்டாரு. சின்னதா ஒண்ண எடுத்து முன்னால வெச்சாரு. "இது கையால தள்ளற டைப். எஞ்சின் கத்திய மட்டும் சுத்தும். எடை கொறவு. சாதாரண வீட்டுக்கு இது போதும் லா."

சாதாரண வீடாம்!

"என்ன தவுக்கே இது, கொழந்தைக்கு வாங்கற நடவண்டி மாதிரி இருக்கு?"

இந்த எடத்துல நான் சேகருக்கு போன் பண்ணியிருக்கக் கூடாது. சேகர் மல்லிகாவோட தம்பி. பிரிக்பீல்ட்ஸ்ல கோண்டோவுல பதினாலாவது மாடியில இருக்கான். அவன் வீட்டுல மண்ணுன்னா செருப்புல ஒட்டிக்கிட்டு வர்றது மட்டும்தான். ஆனா உலகத்துல எந்த மெஷினப் பத்திக் கேட்டாலும் அவங்கிட்ட பதில் இருக்கும்.

"மாமா, டூ ஸ்ட்ரோக் எடுத்துடாதீங்க. பெட்ரோல்ல எண்ணெயக் கலக்கணும், பொகை அடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் எடுங்க. செல்ஃப் ப்ரொப்பெல்டான்னு கேளுங்க. நீங்க தள்ளவே வேணாம், அதுவே போகும். நீங்க பின்னாடி நடந்தாப் போதும்."

நடந்தாப் போதும்! அதான்யா எனக்கு வேணும்!

"பெருசாவே எடுங்க மாமா. வர்றவங்க பாக்கணும்ல?"

தவுக்கே ஒரு பெருமூச்சு விட்டுட்டு உள்ளேர்ந்து பெருச உருட்டிட்டு வந்தாரு. செவப்பு. பளபளன்னு. பக்கவாட்டுல புல்லு வெளிய வர்றதுக்கு ஒரு வாய்.

"பாஸ், கவனமா கேளு. இந்த லீவரப் புடிச்சாத்தான் எஞ்சின் ஓடும். இந்த லீவரப் புடிச்சாத்தான் வீல் ஓடும். கைய எடுத்தா ரெண்டும் நிக்கும். சேஃப்டி. பாஹாம்? புரியுதா?"

"பாஹாம், பாஹாம்."

ஒண்ணும் வெளங்கல. நான் கைப்பிடியில கைய வெச்சு தேவராஜன் சாருக்கு வணக்கம் சொல்லிப் பாத்துட்டிருந்தேன்.

மெஷின் என் கார் பூட்டுக்குள்ள பாதிதான் போச்சு. மீதிய ராஃபியாக் கயிறு போட்டுக் கட்டிக்கிட்டு, பூட்ட வாய் பொளக்க விட்டுட்டு, ரோடெல்லாம் ஹாரன் வாங்கிக்கிட்டே வந்தேன். மிச்சக் கயித்தப் பத்தரமா எடுத்து வெச்சேன். அறிவாளி இல்லையா!

மல்லிகா கேட்டுக்கிட்ட நின்னா. மெஷினச் சுத்தி வந்து பாத்தா.

"எஞ்சின் வெச்சதா?"

"பெட்ரோல் எஞ்சின்! ஃபோர் ஸ்ட்ரோக்!"

"அப்ப பூசை போடாம தொடாதீங்க."

"புல்லு மெஷினுக்குப் பூசையா? அப்படியே ரோட் டேக்ஸும் எடுத்துடவா?"

"துர்காவோட சைக்கிளுக்கே போட்டோம். இது கத்தி வேற வெச்சிருக்கு. நாளைக்கு நல்ல காரியம் பேச வர்றாங்க."

எங்க வீட்டுல "நல்ல காரியம்"னு மல்லிகா ஆரம்பிச்சா நான் கார் சாவிய எடுத்துடணும்.

கோயில் வாசல்ல அன்னிக்கி வண்டிப் பூசைக்கு வரிசை நிக்குது. மொதல்ல பெரிய ஃபோர் வீல் டிரைவ் ஒண்ணு, குடும்பமே பட்டுல நிக்குது. கடைசியில புது லோரி. நடுவுல நான், செவப்பு மெஷினோட. லோரிக்காரரு என்னையே பாக்கறாரு. நான் கோபுரத்தப் பாக்கறேன்.

குருக்கள் தட்டோட வந்தாரு. தல நிமிராமலே கேட்டாரு.

"வண்டி நம்பர்?"

"நம்பர் இல்ல சாமி."

"இன்னும் ரிஜிஸ்டர் ஆகலையா?"

அப்பறம்தான் வண்டியப் பாத்தாரு. கொஞ்ச நேரம் பாத்தாரு. அவரு எத்தன வண்டியப் பாத்திருப்பாரு! மொகத்துல ஒண்ணும் தெரியல.

"சரி, பேரு நட்சத்திரம் சொல்லுங்கோ. வண்டிக்கில்ல, உங்களுக்கு."

குறை சொல்லக் கூடாது, லோரிக்கு என்ன செய்வாரோ அதையேதான் செஞ்சாரு. எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம். முன்னாடி செவ்வந்தி மாலை. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். தேங்காய் ஒடச்சாரு.

"வண்டிய முன்னாடி எடுங்கோ."

இங்கதான் ஒரு சின்ன சிக்கல். காரு ஏறினா எலுமிச்ச நசுங்கும். லோரி ஏறினா சட்டினியாகும். புல்லு மெஷின் ஏறினா? பழம் வழுக்கிட்டு ஓடுது! நான் தள்ளறேன், அது ஓடுது. திரும்ப வெச்சுத் தள்ளறேன், திரும்ப ஓடுது. பட்டுக் குடும்பம் மொத்தமும் போனத் தூக்கிடுச்சு.

"அண்ணே, மேல ஏறி உக்காந்து பாருங்கண்ணே!" இது லோரிக்காரரு.

மல்லிகா மொகம் செத்துப்போச்சு. "நசுங்கலையே சாமி. நாளைக்கு நல்ல காரியம்..."

"பாதகமில்லம்மா. ஆத்துல எஞ்சின ஓட விட்டு ஏத்திடுங்கோ. வேகத்துல நசுங்கிடும்."

மல்லிகா நாலு பழத்தையும் பொறுக்கிப் பையில போட்டுக்கிட்டா. குங்குமத்தோட.

குருக்கள் லோரிய நெனச்சுச் சொல்லிட்டாரு. அடியில கத்தி சுத்தற வண்டிய அவரு எங்க கண்டாரு? கண்டவன் நான். எனக்கும் தோணல.

ஞாயித்துக்கிழம. தொப்பிய மாட்டிக்கிட்டு கார் நிறுத்தற எடத்துல மெஷினக் கொண்டாந்து கேட்டப் பாக்க நிறுத்தினேன். எண்ணெய ஊத்தினேன், பெட்ரோல ஊத்தினேன். ஒரு கையால லீவரப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால ஸ்டார்ட் பண்ற கயித்த இழுக்கணும். இழுக்கக் குனிஞ்சா தொப்பை இடிக்குது, நிமுந்தா லீவர் நழுவுது. யூடியூப்ல அந்த வெள்ளக்காரன் இதக் காட்டவே இல்ல!

சேகர வீடியோ கால்ல கூப்புட்டேன். படுக்கையில இருந்தே பேசினான்.

"மாமா, லீவரக் கைப்பிடியோட சேத்துக் கட்டிருங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

எல்லாரும்னா யாருடா? பதினாலாவது மாடியில எவன் புல்லு வெட்டறான்? கேட்டிருக்கணும் நான். கேக்கல. பத்தரமா எடுத்து வெச்ச ராஃபியாவக் கொண்டாந்து கட்டினேன். எந்த லீவர் எதுக்குன்னு மறந்துபோச்சு. அதனால ரெண்டையும் கட்டினேன். இறுக்கமா.

அப்பறம் இழுத்தேன். இழுத்தேன், இழுத்தேன். தோள்பட்ட கழண்டுடுமோன்னு தோணிச்சு. மெஷின் இருமக்கூட இல்ல.

பக்கத்து வீட்டு லிம் அங்கிள் காப்பி மக்கோட வேலி ஓரமா நின்னு பாத்துட்டிருந்தாரு. அவரு வீட்டுல போட்டிருக்கறது ப்ளாஸ்டிக் புல்லு. பைப்புல தண்ணி அடிச்சுக் கழுவுவாரு. அதுக்காக அந்த மனுஷன நான் பேசாத பேச்சில்ல. அவரு இப்ப ஒரு வார்த்த பேசல. ஒரு மடக்கு குடிச்சாரு. அது போதும் எனக்கு.

துர்கா சேலையக் கட்டிக்கிட்டு, மெஷினோட வந்த புத்தகத்த விரிச்சபடி வந்தா.

"அப்பா, பெட்ரோல் டேப்பத் தொறந்தீங்களா?"

டேப் இருக்கறதே அப்பத்தான் தெரியும். தொறந்தேன்.

"இருங்க இருங்க!" மல்லிகா ஓடி வந்தா. "ஸ்டார்ட் ஆகறதுக்கு முன்னாடி பழத்த வெச்சிடறேன்." நாலு சக்கரத்துக்கு முன்னாலயும் நாலு பழத்த வெச்சா. மாலையச் சரி பண்ணினா. கண்ண மூடிக் கும்புட்டா.

அப்ப கேட்டுல ஹாரன்.

நம்மாளுங்க ஒரு நேரம் சொன்னா அதத் தாண்டித்தானே வருவாங்க? இவரு ஹெட்மாஸ்டராச்சே, முன்கூட்டியே வந்துட்டாரு! துர்கா ஓடிப்போய் கேட்ட அகலத் தொறந்தா. தேவராஜன் சார் எறங்கினாரு. வெள்ள வேட்டி, வெள்ளச் சட்டை, மடிப்பு கலையாம. பின்னாடி அவரு வீட்டுக்காரம்மா சரஸ்வதி, பழத் தட்டோட. அருண் காரப் பூட்டிட்டு வந்தான்.

"வாங்க வாங்க!" மல்லிகா.

நான் என்ன பண்ணியிருக்கணும்? மெஷின விட்டுட்டுப் போய் கையெடுத்துக் கும்புட்டிருக்கணும். நான் தொப்பியச் சரி பண்ணினேன்.

"ஒரு நிமிஷம் சார்! இத முடிச்சிட்டு வந்துடறேன்!"

சும்மா ஒரு பந்தாவுக்கு கயித்த இழுத்தேன். இவ்வளவு நேரம் கெஞ்சினப்ப வராத மெஷின், அந்த ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆச்சு!

ஸ்டார்ட் ஆனது மட்டுமில்ல, கெளம்பிடுச்சு!

பயந்துபோய் கைய எடுத்தேன். கைய எடுத்தா நிக்கும்னு தவுக்கே சொன்னாரே! நிக்கல. எப்படி நிக்கும்? கட்டினது யாரு?

முன் சக்கரம் ஏறினதும் மொதப் பழம் வழுக்கி மெஷினுக்கு அடியில போச்சு. 'டப்'னு ஒரு சத்தம். பக்கவாட்டு வாய் வழியா வெளிய வந்து எங்க கார் கதவுல அடிச்சுது. ரெண்டாவது பழம் தேவராஜன் சாரோட நெஞ்சுல!

குங்குமம் தடவின பழம். வெள்ளச் சட்டை. செவப்பா வழியுது.

"ஐயோ! அப்பாவச் சுட்டுட்டாங்க!"ன்னு கத்தினது அருண். படிச்ச பையன்.

மூணாவது பழம் வேலியத் தாண்டி லிம் அங்கிளோட ப்ளாஸ்டிக் புல்லுக்குப் போச்சு. நாலாவது எங்க போச்சுன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. அடுத்து மாலை சரிஞ்சு உள்ள போச்சு. ஒரு பெரிய உறுமல். அப்பறம் செவ்வந்திப் பூவு பொடிப்பொடியா பறந்து வந்து சரஸ்வதி அம்மா தலையில, பழத் தட்டுல, துர்கா சேலையில எல்லாம் விழுந்துச்சு.

மெஷின் நிக்காம போயிட்டே இருந்துச்சு. நான் பின்னாடி ஓடினேன். பின்னாடி நடந்தாப் போதும்னானே அந்தப் பாவி! தேவராஜன் சார் ஒதுங்கி வழி விட்டாரு. தொறந்த கேட்டு வழியா வெளிய போயி, ரோட்டக் குறுக்கால தாண்டி, எதிர்ப்பக்க லொங்காங்ல தலகுப்புற விழுந்து, சாக்கடத் தண்ணியில ஒரு தடவ இருமிட்டு அடங்கிடுச்சு.

துர்கா என்னப் பாத்தா. அவ கண்ணு கலங்கியிருந்துச்சு. அதுவரைக்கும் வராத வெக்கம் எனக்கு அப்பத்தான் வந்துச்சு. என் மக என்ன கேட்டா? ஒரு நாள் நார்மலா இருக்கச் சொன்னா. அதுகூட என்னால முடியல. ஒரு தொப்பிக்கு ஆசப்பட்டு அவ வாழ்க்கையக் கொண்டுபோய் லொங்காங்ல தள்ளிட்டேன்.

மல்லிகா பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொன்னா. "பழனி அண்ணன் கல்லுதான் அடிப்பாரு. நீங்க பழத்தாலயே அடிச்சிட்டீங்க."

தேவராஜன் சார் சட்டையப் பாத்தாரு. ஒட்டியிருந்த வெதைய ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டாரு. மெதுவா நடந்து லொங்காங் ஓரமா போய் எட்டிப் பாத்தாரு. நான் பின்னாடியே போனேன், பெரம்படி வாங்கப் போற பையனாட்டம்.

"செல்ஃப் ப்ரொப்பெல்டா?"

"ஆமா சார்."

"ஃபோர் ஸ்ட்ரோக்?"

"ஆமா சார்."

குனிஞ்சு கைப்பிடியில இருந்த ராஃபியா முடிச்சத் தொட்டுப் பாத்தாரு. என் மொகத்தப் பாத்தாரு. கொரலத் தாழ்த்தினாரு.

"இங்க ஒரு முடிச்சுதான் போட்டிருக்கீங்க. நான் ரெண்டு போட்டேன்."

எனக்குப் புரியல. பின்னாலேர்ந்து சரஸ்வதி அம்மா கொரல் கேட்டுச்சு.

"ஆரம்பிச்சிட்டாரா? எங்க வீட்டுலயும் இவரு ஒண்ணு வாங்கினாருங்க. யூடியூப் பாத்துட்டு! கை வலிக்குதுன்னு லீவரக் கட்டிட்டு தண்ணி குடிக்கப் போனாரு. அது பக்கத்து வீட்டு மீன் தொட்டிக்குள்ள போயிடுச்சு. அந்த வீட்டுக்காரங்க இன்னும் எங்களோட பேசறதில்ல."

"சரஸ்வதி, அது வேற மாடல்"னாரு ஹெட்மாஸ்டர். அந்தக் கொரல்ல அதிகாரமே இல்ல.

துர்காதான் மொதல்ல சிரிச்சா. அப்பறம் அருண். அப்பறம் வேலிக்கு அந்தப் பக்கம் லிம் அங்கிளே சிரிச்சாரு. நான் வேட்டிய மடிச்சுக் கட்டின சம்பந்தியோட லொங்காங்ல எறங்கி மெஷினத் தூக்கினேன். தூக்கறப்ப அவரு எங்கிட்ட ரகசியமா கேட்டாரு, "புல்லு கோடு கோடா படுக்குமே, நீங்களும் அதப் பாத்துத்தான் வாங்கினீங்களா?"

சாப்பாடு முடிஞ்சு வெத்தலத் தட்டு வந்தப்ப சரஸ்வதி அம்மாவே பேச்ச எடுத்தாங்க.

"பொண்ண எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. சீரு கீருன்னு ஒண்ணும் வேணாம். அந்த மெஷின மட்டும் எங்க வீட்டுப் பக்கம் அனுப்பிடாதீங்க. ஒண்ணு கெடக்கு, போதும்."

புல்ல மறுநாள் பழனி அண்ணன் வந்து வெட்டினாரு. கல்லு எதுவும் தெறிக்கல.

மெஷின் இப்ப ஸ்டோர்ல இருக்கு. இதுவரைக்கும் ஒரு புல்லு வெட்டினதில்ல. வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூசைக்கு மட்டும் வெளிய வரும். இந்தத் தடவ சம்பந்தியும் வந்திருந்தாரு. பெட்ரோல் கெடயாது, எண்ணெய் கெடயாது, கத்தியையே கழட்டியாச்சு. மல்லிகா சந்தனம் வெச்சா, குங்குமம் வெச்சா, தட்டுலேர்ந்து எலுமிச்சம்பழத்த எடுத்தா.

சம்பந்தி நாற்காலியத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கிட்டாரு.